வார்த்த கல்

வாசல் இருபத்திரண்டு அங்குலம் இருந்தது. காலையில் உள்ளே நுழையும்போது அதே நாடாவால் அளந்து ஜெயம் நோட்டில் எழுதியது இருபத்தாறு.

நாடாவை உதறி மறுபடி வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டுதான்.

தப்பாக எழுதுகிறவள் இல்லை அவள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாகச் சுண்ணாம்பையும் சிமெண்டையும் சோதித்துக்கொண்டிருப்பவள். பழங்காலத்தில் கல்லை எல்லா இடத்திலும் செதுக்கவில்லை, சில இடங்களில் கல்தூளைக் குழம்பாக்கி வார்த்தார்கள் என்று அவள் கட்டுரை வாசித்த அன்று, “இட்லி மாதிரியா மேடம்?” என்று ஒருவர் கேட்க, அரங்கமே சிரித்தது. அதனால்தான் ஒலக்கூர் பக்கம் வீரம்மாளின் மல்லாட்டை விளையும் கொல்லையில் கிணறு வெட்டும்போது கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மூட்டே இல்லாத கல்லறை ஒன்று தட்டுப்பட்டது என்று தெரிந்ததும், 1986 மே மாத வெயிலில் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

“ஜல்தி மேல வந்துடுங்கம்மா,” என்று குழியின் விளிம்பிலிருந்து வீரம்மாள் சொல்லியிருந்தாள். “நான் தண்ணி கட்டிக்கினு இருக்கேன். ஒரு கொரல் குடுங்க, ஓடியாறேன்.”

மேலே மோட்டார் ஓடும் சத்தம் மண்ணுக்குள் இறங்கி வந்து சுவரில் மெல்ல அதிர்ந்தது. கடுக்காயும் வெல்லமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனைக்கு அடியில், பலர் நெருக்கிப் படுத்துத் தூங்கிய அறையின் புழுங்கிய வாடை ஒன்று இருந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சுவரை மிக அருகில் பார்த்தாள். அவள் மூச்சுப் பட்ட இடம் கறுத்தது. கட்டைவிரலை வைத்தாள். வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போயிற்று.

மூச்சின் சூட்டில் இளகுகிற கல்! சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தவர்களை எல்லாம் இங்கே கூட்டி வர வேண்டும். சிரிப்பு அடங்கித் திரும்பியபோது வாசல் ஒரு முழம்கூட இல்லை. மேல்விளிம்பு தளர்ந்து, மாவு வழிவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

தலையை நுழைத்தாள். தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கல் குளிர்ச்சியாக அழுத்திற்று. பதறிப் பின்னால் இழுத்துக்கொண்டதில் ரவிக்கை கிழிந்தது.

“வீரம்மா! வீரம்மா!”

கூப்பிடக் கூப்பிட வாசல் சுருங்கிற்று. ஒருவழியாக மோட்டார் நின்றது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வீரம்மாளின் முகம் வந்தது.

“ஐயையோ, இன்னாம்மா இது? வாசலக் காணோமே!”

“பக்கத்துல மூச்சு விடாதீங்க. கடப்பாரை... சீக்கிரம்!”

“தோ, எடுத்தாறேன். பயப்படாதீங்கம்மா.”

காலடிச் சத்தம் தூரமாகப் போயிற்று. ஓட்டை ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாண் போதும், கடப்பாரை நுழையும். ஜெயம் முந்தானையை மடித்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள்.

வழிவது நின்றது.

பத்து எண்ணினாள். இருபது. அசையவில்லை. தான் நினைத்தது சரிதான். துணிக்குள் துளியாக மூச்சு விட்டு, மறுபடி அடக்கினாள். முப்பது. நாற்பது.

அப்போது யாரோ மூச்சு விட்டார்கள்.

நீளமாக. நிதானமாக. அவள் இல்லை.

ஓட்டையின் விளிம்பு மெல்லக் கறுத்தது. சொட்டியது.

டார்ச்சைத் திருப்பினாள். அவள் சிரித்துக்கொண்டு நின்ற இடத்தில் சுவரின் மேல்பூச்சு முழுக்க வழிந்து இறங்கியிருந்தது. அடியில் ஒரு மோவாய். அதன்மேல் ஈரமான உதடு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலும். தரையிலிருந்து கூரை வரை.

எல்லா முகங்களும் வாசல் பக்கம் திரும்பியிருந்தன. எல்லா உதடுகளும் குவிந்திருந்தன, அடுப்பு ஊதுகிறவர்களைப்போல.