ரீமேக்கில் மட்டும் உடையாத கண்ணாடி

மாடிப்படியின் அடியில் பிணம்!

கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பக்கத்தில் மூக்குக் கண்ணாடி சுக்குநூறாய்...

இன்ஸ்பெக்டர் ரிமோட்டை அழுத்தினார். டி.வி.யில் பிணம் அப்படியே நின்றது.

"இது வெளிநாட்டு ஒரிஜினல். இப்ப உங்க ரீமேக்கைப் போடறேன் சார்."

தன் வீட்டு சோபாவில் இருந்த கதாசிரியர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். 'ஒரிஜினலைத் தூக்கிச் சாப்பிட்ட க்ளைமாக்ஸ்' என்று பத்திரிகைகள் எழுதியதிலிருந்து மனிதர் காய்கறி வாங்கக்கூடக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போனார்!

ரீமேக்கிலும் அதே படி. அதே பிணம்.

ஆனால் கொலைகாரன் மேல்படியில் கிடந்த கண்ணாடியை எடுக்கிறான்... துடைக்கிறான்... இறங்கி வந்து, செத்தவன் மூக்கில் மாட்டுகிறான்!

"இந்தக் கண்ணாடி ஐடியா யாரோடது?"

"அடியேனோடதுதான்! ஒரிஜினல்காரனுக்கு அவ்வளவு மூளை ஏது?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இப்படித்தான் படியில விழுந்து செத்தார். மூக்குல கண்ணாடி. ஒரு கீறல் இல்ல! விபத்துன்னு ஃபைலை மூடிட்டாங்க. கண்ணாடி விஷயம் பேப்பர்ல வரவே இல்ல. அதைக் கவனிச்சது நான் ஒருத்தன். இன்னொருத்தருக்கும் தெரியும்..."

"யாருக்கு?"

"மாட்டிவிட்டவருக்கு!"

காலர் தொங்கிப்போனது.

"சார்... தற்செயலா..."

"ஸ்டேஷன்ல பேசலாம், கிளம்புங்க." விலங்கு வெளியே வந்தது.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கம்பி எண்ண வேண்டும். கதாசிரியர் மூன்று விநாடி யோசித்தார். அதுவே அதிகம்!

"ஐயோ, அது என் ஐடியா இல்ல சார்! ஒரிஜினலைப் பார்க்கறப்பப் பாதியிலேயே தூங்கிட்டேன்! முடிவு என்னன்னே தெரியாது! க்ளைமாக்ஸ் சொன்னது என் சம்சாரம்!"

"கூப்பிடுங்க அவங்களை."

"ஏம்மா... கொஞ்சம் இங்க வாயேன்!"

சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். அன்று அந்தப் படியடியில் புரண்டு புரண்டு அழுதாளே, செத்தவனின் மனைவி... அவளேதான்!

"மேடம்... நீங்களா!"

"சௌக்கியமா சார்? கொஞ்சம் இளைச்சிட்டீங்க."

கதாசிரியர் மனைவி பக்கம் திரும்பினார். "உன் முதல் புருஷன் மாரடைப்புல போனார்னியே?"

"உருளும்போது அதுவும் வந்திருக்கும்ங்க."

"கண்ணாடியை ஏன் மாட்டினீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது இல்லாம அந்த மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காது சார். நாலு பேர் வந்து போற இடம்..."

"அடிப்பாவி! அதை எதுக்கு என்கிட்ட சொன்னே?"

"நல்ல க்ளைமாக்ஸ் வீணாப் போகுதேன்னுதான்!"

இரண்டு கையையும் நீட்டினாள். விலங்கு மாட்டிய இன்ஸ்பெக்டரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"டைட்டில்ல என் பேரைப் போடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், இவர் கேட்கலை. நீங்களாவது எஃப்.ஐ.ஆர்.ல கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க சார்!"