உறையை விட்டுவிட்டுப் போன பாஸ்போர்ட்

யோகப்பிரியா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தபோது சிலுவைராஜ் இன்னொரு தோசைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எஸ்.ஐ.யம்மா, என் பாஸ்போர்ட்டக் காணோம்" என்றாள். சிலுவைராஜ் தோசையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

கத்தரீனாள் இடுக்கியில் பல ஸ்டேஷன்களைப் பார்த்து, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றுப் மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் வந்து உட்கார்ந்தவர். அவருடைய கணவர் சிலுவைராஜ் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். மனைவி துலக்கிய வழக்குகளில் பாதி, சாப்பிடும்போது தான் கிளப்பிய சந்தேகங்களால்தான் துலங்கின என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. கத்தரீனாள் அந்த நம்பிக்கையில் கை வைத்ததே இல்லை. பாவம், மனுஷன் ஆசைப்படுகிறார்.

கட்டன் சாயா உள்ளே போனதும் யோகப்பிரியா விஷயத்தைக் கொட்டினாள். ஃபுக்குவோக்காவில் ஒரு மொழிப்பள்ளியில் ஜப்பானிய மொழி படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருஷப் படிப்பு, அக்டோபரில் வகுப்பு. பள்ளிக்கூடமே அங்கே விண்ணப்பித்து வாங்கி அனுப்பிய தகுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. நாளைக் காலை கொச்சி விசா மையத்தில் அதையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கோலாலம்பூர் வழியாக டிக்கெட் பார்த்தாயிற்று, விடுதியில் அறை சொல்லியாயிற்று, குளிருக்கு என்ன உடுத்துவது என்பது வரை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லாரும் யோசனை சொல்லியாயிற்று. நாளையை விட்டால் வேறு நாள் வாங்கி, விசா வந்து, வகுப்புத் தொடங்குவதற்குள் போய்ச் சேர முடியாது. புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பதென்றால் கேட்கவே வேண்டாம்.

நேற்று வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று சிலுவைராஜ் கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாய்மாமன் சுடலைமணி வந்து தங்கிவிட்டு, இன்று காலைதான் ஊருக்குக் கிளம்பினாராம். போன வருஷம் தன் மகனுக்கு யோகப்பிரியாவைப் பெண் கேட்டவரும் அவர்தான். சிலுவைராஜின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே.

"மேடம், கேசு முடிஞ்சது" என்றார் மனைவியிடம்.

"சட்டைய மாட்டிட்டு வாங்க" என்றார் கத்தரீனாள்.

யோகப்பிரியாவின் லயத்து வீடு தலைகீழாகக் கிடந்தது. தேயிலை ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்த அப்பா பெரியமுத்து, அரிசி டிரம்மைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மூக்கம்மாள் தலை குளித்த ஈரத்தோடு, துண்டால் கூந்தலைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். சிலுவைராஜ் சட்டிகளைத் திறந்து முகர்ந்துவிட்டு வந்தார். நேற்று வைத்த சாம்பார்தான் மிச்சம் இருக்கிறது, கூடப்பிறந்த அண்ணன் அத்தனை தூரத்திலிருந்து வந்தும் கோழி அடிக்காத வீட்டை இந்த எஸ்டேட்டில் இப்போதுதான் பார்க்கிறேன், அந்த ஆள்மேல் இவர்களுக்கே பிரியம் இல்லை போலிருக்கிறது என்று மனைவியின் காதில் ஓதினார்.

கத்தரீனாள் தகரப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். பூட்டு உடைபடவில்லை. சாவி எப்போதும் மூக்கம்மாளின் இடுப்பில் இருக்கும். பெட்டிக்குள் ஃபைல் ஒழுங்காக இருந்தது. தகுதிச் சான்றிதழ், பேங்க் காகிதம், எதுவும் கலையவில்லை. அதன்மேல் சிவப்பு நிறத்தில் ஒரு தோல் உறை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஜோமோள் என்ற சிநேகிதி வாங்கிக்கொடுத்த பரிசு அது என்றும், பாஸ்போர்ட்டை அதற்குள்தான் வைத்திருந்ததாகவும் யோகப்பிரியா சொன்னாள். அசல் தோலா என்று கத்தரீனாள் கேட்டார். அசல்தான் என்று பெருமையாகச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது மூக்கம்மாள் அடுப்படியிலிருந்தே மெதுவாகக் கேட்டாள். "கொச்சியில அந்த ஜப்பான் பேப்பர் போதும்லா? பாஸ்போர்ட்டு பிளேன் ஏறையிலதான கேப்பாவ?"

பாஸ்போர்ட்டில்தான் விசாவையே ஒட்டுவார்கள் என்று மகள் எரிந்து விழுந்தாள். மூக்கம்மாளின் கை கரண்டியோடு நின்றுபோனது. கத்தரீனாள் அதைப் பார்த்தார்.

எல்லாரையும் முன்னறையில் உட்காரச் சொன்னார். சிலுவைராஜ் முந்திக்கொண்டு, கல்யாண ஆசையில் சுடலைமணி பாஸ்போர்ட்டைத் திருடிய கதையை விலாவாரியாகச் சொன்னார். பெரியமுத்துவுக்கு மச்சான்மேல் கோபம் ஏறியது. யோகப்பிரியா பல்லைக் கடித்தாள். கத்தரீனாள் கணவரை முழுசாகப் பேசவிட்டார்.

"பயணத்தக் கெடுக்கணும்னு நெனைக்கிறவன் மொத்த ஃபைலையும் தூக்கியிருப்பான்" என்றார் பிறகு. "இங்க ஒண்ணே ஒண்ணுதான் போயிருக்கு. அதுவும் எப்படி? ஒருத்தர் பொறுமையா உக்காந்து, உறையக் கழட்டி வச்சிட்டு எடுத்திருக்காங்க. திருடன் எதுக்கு உறையக் கழட்டணும்?"

அவரே பதிலும் சொன்னார்.

"தோலுங்கறதால. தோல எங்க கொண்டு போகக் கூடாது?"

"கோயிலுக்கு" என்று பெரியமுத்து தன்னை அறியாமல் சொன்னார்.

"அண்ணன் வந்தும் வீட்டுல கறி எடுக்கல. பிரியம் இல்லாம இல்ல. சாமி காரியமாப் போறவருக்குக் கவிச்சி ஆகாது. சாவி இருந்தது ஒருத்தர் இடுப்புல. வீடே தேடையில தேடாம நின்னதும் அவுங்கதான். சுடலைமணி திருடல, மூக்கம்மா. நீதான் குடுத்து விட்டிருக்க."

மூக்கம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஊரில்தான் இவர்களுடைய குலசாமி சாஸ்தா இருக்கிறார். போவதற்குமுன் ஒருமுறை கோயிலுக்கு வா என்று மகளை எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள்; மகளுக்கு நேரமில்லை. கல்யாணப் பத்திரிகையானாலும், புது வண்டிச் சாவியானாலும் முதலில் சாஸ்தா காலடிக்குத்தான் போகும் என்பது குடும்ப வழக்கம். பாஸ்போர்ட் பிளேன் ஏறும்போதுதான் வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். பூசை முடியும்வரை வாய் திறந்தால் பலிக்காது என்று அடக்கிக்கொண்டவள், நாளைக்கே வேண்டும் என்று தெரிந்ததும் பயத்தில் வாயடைத்துப் போனாள்.

"டிக்கெட்ட வைக்கலாம், பேப்பர வைக்கலாம். பாஸ்போர்ட்டு எதுக்கும்மா?" என்றாள் யோகப்பிரியா.

"அதுலதான உன் மொகம் இருக்கு" என்றாள் மூக்கம்மாள். "அவரு இங்கனக்குள்ள இருக்கிற சாமி. நீ போறது சீமைக்கு. அத்தன கூட்டத்துல உன்ன அடையாளம் தெரிய வேண்டாமா?"

யோகப்பிரியாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் நின்று அழ நேரமில்லை. சாஸ்தா காலடிக்குப் போய்விட்டால் மஞ்சளும் எண்ணெயும் படாமல் திரும்பாது. கறைபட்ட பாஸ்போர்ட்டை எந்த விசா மையமும் வாங்காது. சுடலைமணியின் ஃபோன் மலைப்பாதையில் கிடைக்கவில்லை. கத்தரீனாள் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள போடிமெட்டு செக்போஸ்டில் தன்னோடு வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டு, சுடலைமணி ஏறிய தேனி பஸ் வந்தால் கொஞ்சம் பிடித்து வைக்கச் சொன்னார். சிலுவைராஜ் அதற்குள் ஜீப்பைக் கிளப்பிவிட்டார்.

வாழ்நாளெல்லாம் இப்படி ஒரு துரத்தலுக்காகவே அவர் காத்திருந்தார் போலிருக்கிறது. மூணாறைத் தாண்டியதும் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தார். பூப்பாறைப் பக்கம் மூடுபனி இறங்கியபோதும் வேகத்தைக் குறைக்கவில்லை. கத்தரீனாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னார். பின்சீட்டில் தாயும் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். பஸ் போயிருக்குமோ என்று ஒருத்தி கேட்பதும், போயிருக்காது என்று மற்றவள் சொல்வதுமாக வழி நீண்டது.

பஸ் நின்றிருந்தது. பயணிகள் இறங்கி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சுடலைமணி மட்டும் மஞ்சள் பையைத் தரையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய், பையிலிருந்து தேங்காயை எடுத்து, பூமாலையை எடுத்து, அடியில் புதுத் துண்டில் சுற்றியிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு துளி ஈரம் படவில்லை. யோகப்பிரியா தன் முகம் உள்ள பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சுடலைமணியின் முகத்தைப் பார்க்கக் கூசி, சிலுவைராஜ் மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

"சம்பந்தம் அமையலன்னா என்ன, எங்க வீட்டுப் புள்ளதான போகுது" என்றார் சுடலைமணி. அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். மாமன் படியில் ஏறி, மறுபடியும் இறங்கினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மக்கா. பொஸ்தகம் இல்லன்னாலும் நா போயி சாமிகிட்ட சொல்லணும்லா. அந்த ஊரு எந்தத் தெசையில இருக்கு?"

யோகப்பிரியா திகைத்துப்போனாள். விமானம் மாறும் இடம் தெரியும், ரயில் ஏறும் இடம் தெரியும், விடுதியிலிருந்து பள்ளிக்கூடம் போகும் தெரு தெரியும். இதை மட்டும் அவள் யோசித்ததே இல்லை. மெல்லத் திரும்பினாள். மலைச்சரிவுக்குக் கீழே போடிச் சமவெளி வெயிலில் கிடந்தது. அதற்கு அப்பால் வானம்தான்.

"கெழக்க மாமா" என்று கை நீட்டினாள். "கெழக்கயே பாத்துக்கிடச் சொல்லுங்க."

அவர் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஏறினார். பஸ் கொண்டைஊசி வளைவில் இறங்கி மறைந்தது. நீட்டிய கையை யோகப்பிரியா இன்னும் மடக்கவில்லை. தான் உண்மையிலேயே போகப்போகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.