திரைக்குப் பின்னால் ஒரு கை

அரசர் நோயில் படுத்து இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும்தான் பார்த்தார்கள்.

ஏமன் நாட்டு மலைமேல், மஸ்னா கோட்டையில், காலைதோறும் வழக்குச் சபை கூடும். மூடுபனி ஜன்னல் வழியே நுழைந்து தரையில் ஊரும். கறுப்புத் திரையின் பிளவிலிருந்து சில விரல்கள் நீளும். முத்திரை மோதிரம் மின்னும். வந்தவர்கள் அந்தக் கையை முத்தமிட்டுக் குறையைச் சொல்வார்கள். உள்ளிருந்து சத்தமே வராது. சற்று நேரத்தில் தீர்ப்பு எழுதிய தாள் மட்டும் வெளியே நழுவும்.

அரசரின் மகள் லமீஸுக்குப் பத்து வயது. அவளும் வரிசையில்தான் நின்றாள்.

"வாப்பா, ஒரு வார்த்தை பேசுங்க" என்பாள். கை உள்ளே போய்விடும்.

முதல் நாள் பணிவிடை செய்யப் போன உம்மா ஜுமானாவும் அன்றிலிருந்து வெளியே வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சமையல்காரி நுஸைபா அவளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"இதைப் பாரு. அரசருக்கும் உன் உம்மாவுக்கும் உள்ளே போன ரெண்டு கறிக் கிண்ணமும் காலி. ரெண்டுலயும் மேலே அடிச்சு ஊத்தின வெந்தய நுரை மட்டும் அப்படியே மிச்சம்."

"வாப்பாவுக்கு வெந்தயம்னா உயிராச்சே?"

"அதான்! இருபது வருஷமா வெந்தயம் பத்தலைன்னு என்னைத் திட்டின மனுஷன். உள்ளே இருக்கிறது ஜின்னோன்னு பயமா இருக்கு."

"ஜின் கறி தின்னுமா?"

"என் கறின்னா தின்னும்" என்ற நுஸைபா, குரலைத் தாழ்த்தினாள். "அரசருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன் ஹாத்திம் சாச்சா வந்து உட்கார்ந்துடுவார். கோவத்துல ஊர்க் கிணத்தையே மூடின ஆளு. நாம அம்போதான்."

லமீஸ் கிண்ணங்களை உற்றுப் பார்த்தாள். வீட்டில் வெந்தயத்தை ஒதுக்கிவைக்கும் ஆள் ஒருத்திதான்.

அவள் சபைக்கு ஓடினாள். தன் முறை வந்ததும் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். மோதிரம் கழன்று விழாதபடி உட்புறம் நூல் சுற்றியிருந்தது. வாப்பாவின் விரலில் அது இறுகி நிற்கும்.

"உம்மா" என்று கிசுகிசுத்தாள். "வாப்பா இல்லையா?"

விரல்கள் அவள் கையை இறுகப் பற்றின.

லமீஸ் அழவில்லை. அழுதால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. வாப்பாவின் தம்பி ஹாத்திம், ஈட்டிக்காரர்களோடு.

"இன்னிக்குத் தொழுகைப் பிரசங்கத்துல யார் பேரைச் சொல்றாங்களோ அவங்கதான் அரசர். பொணத்தோட பேரையா சொல்லப் போறீங்க? அண்ணன் இருந்தா பேசட்டும். இல்லைன்னா என் பேரு!"

அவர் திரையைப் பிடித்தார். லமீஸ் குறுக்கே நின்றாள்.

"நானே திறக்கறேன் சாச்சா. முன்னாடி இவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன்."

வரிசையைப் பார்த்தாள். "இத்தனை நாள்ல இந்தக் கை அநியாயமா ஏதாச்சும் எழுதிச்சா?"

 ஓர் ஆட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என் தண்ணி முறை எனக்கே திரும்பக் கிடைச்சுது, தாயி."

"சிறையில கிடந்த என் மகனை விட்டாங்க" என்றாள் ஒரு பெண்.

"முன்னெல்லாம் தீர்ப்பு வர ஆறு மாசம் ஆகும். இப்ப அரை நாழிகை" என்றார் இன்னொருவர். யாரோ சிரித்தார்கள்.

லமீஸ் திரையை இழுத்தாள்.

மெத்தைமேல் வாப்பாவின் தலைப்பாகை மட்டும் இருந்தது. பக்கத்தில் உம்மா. கண்கள் சிவந்து, மெலிந்துபோய்.

"முதல் நாளே போயிட்டார்" என்றாள் உம்மா. "இந்தத் தரைக்கல்லுக்குக் கீழேதான் தூங்குறார்."

"ஒரு பொம்பளையா?" ஹாத்திம் சிரித்தார். "இழுத்துட்டுப் போங்க!"

யாரும் அசையவில்லை. ஆட்டுக்காரர் முன்னே வந்து உம்மாவின் கையை முத்தமிட்டார். வரிசை அவர் பின்னால் நகர்ந்தது. ஹாத்திமோடு வந்த ஈட்டிக்காரர்களில் ஒருவன், கிணறு மூடப்பட்ட ஊர்க்காரன், ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வரிசையில் நின்றான். பிறகு இன்னொருவன். ஹாத்திம் திரும்பிப் பார்த்தபோது அவருக்குப் பின்னால் மூடுபனிதான் இருந்தது.

நண்பகலில் பள்ளிவாசலில் பிரசங்கி படியேறினார்.  "எங்கள் அரசி ஜுமானாவுக்கு இறைவன் துணை நிற்கட்டும்" என்றார்.

பெண்கள் பகுதியில் உம்மாவின் மடியில் முகம் புதைத்து, லமீஸ் அப்போதுதான் வாப்பாவுக்காக அழுதாள். உம்மாவும் அழுதாள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.