அலமாரிக்குப் பின்னால் பெரியப்பா

குழந்தை சிவானி வீல் என்று கத்தினாள். சுவரில் புதிதாக மாட்டிய தாத்தா படத்தைப் பார்த்துத்தான் அந்த அலறல்.

"ஐயோ, மறுபடியுமா!" என்று ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டாள் அவள் அத்தை நிரஞ்சனா.

எட்டு மாதக் குழந்தையைக் குறை சொல்லி என்ன பயன்? படம் அப்படி! அடையாள அட்டைக்காக எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். யாரோ காலை மிதித்துவிட்டதைப் போல அதில் முறைத்துக்கொண்டிருந்தார் சிவானியின் தாத்தா, நிரஞ்சனாவின் பெரியப்பா சுப்பிரமணியம்.

உண்மையில் அவருக்கு முறைக்கவே தெரியாது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், வீடு மாறுபவர்களுக்குச் சாமான்களை ஏற்றி இறக்கித் தரும் 'ரஞ்சிதம் மூவர்ஸ்' கம்பெனியை ஆரம்பித்தவர் அவர்தான். வாடகைக்கு ஒரு லாரி, இரண்டு கயிறு, பெரியம்மாவின் பெயர். இவ்வளவுதான் அவர் கையில் இருந்தது. இன்று நான்கு லாரிகள் ஓடுகின்றன.

சீனர் வீடு என்றால் முதலில் ஓர் அன்னாசிப்பழத்தோடு போய் நிற்பார். புது வீட்டுக்குள் அதை உருட்டிவிட்டால் அதிர்ஷ்டமும் உருண்டு வருமாம். தமிழர் வீடு என்றால் காய்ச்சுவதற்குப் பால். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் யார் கூப்பிட்டாலும் போக மாட்டார். அன்று மொத்தக் குடும்பத்துக்கும் அவர்தான் தோசை சுடுவார். சுடுகிற சாக்கில் கதை சொல்லிச் சிரித்து, பாதித் தோசையைக் கருக்கியும் விடுவார்.

அவர் இறந்து இன்றோடு ஒரு வருடம். மாலை ஆறரை மணிக்கு இங்கே கம்பெனியிலேயே நினைவு நாள் பூசை.

"பெரியம்மா, சிவானி தாத்தாவைப் பார்த்ததே இல்ல. தாத்தான்னா இந்த முறைக்கிற ஆளுன்னுதானே நெனச்சுக்குவா?" என்றாள் நிரஞ்சனா.

"வேற படம் இல்லையேம்மா," என்றார் ரஞ்சிதம் பெரியம்மா. "வீட்டுல எடுத்த எல்லாப் படத்துலயும் கேமராவைப் பிடிச்சவரே அவருதான்."

"கல்யாணப் படம்?"

"அதுல இன்னும் மோசம். புது ஷூ கடிச்சிருச்சாம்!"

நிரஞ்சனா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி யோசித்தாள். சட்டென்று துள்ளிக் குதித்தாள். தூங்கப்போன சிவானி திடுக்கிட்டு விழித்தாள்.

"புது வீட்டுக்கு மாறுற அன்னிக்கு எல்லாரும் ஃபோட்டோ எடுப்பாங்கல்ல? பெரியப்பா அத்தனை வீட்டுலயும் இருந்திருப்பாரு! கஸ்டமர்ங்ககிட்டக் கேட்போம்!"

"அட, மூளைக்காரி!" என்றான் குமரன் அண்ணன். அவன் பெரியப்பாவின் மகன், சிவானியின் அப்பா. கம்பெனியின் கைப்பேசியை எடுத்து நீட்டினான். "அனுப்பு, அனுப்பு!"

மணி மூன்று. நிரஞ்சனா செய்தியைத் தட்டி, பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். பிறகு பக்கத்துப் படக்கடைக்கு ஒரே ஓட்டம்.

"அஞ்சு மணிக்குள்ள படத்தைக் கொடும்மா. ஆறு மணிக்குச் சட்டம் போட்டுத் தரேன்," என்றார் பேச்சுக்குப் பேச்சு சிங்கப்பூர் 'லா' போடும் கடைக்கார யூசுப் அங்கிள். "அஞ்சுன்னா அஞ்சுதான் லா! அப்புறம் அழக்கூடாது."

அவள் திரும்பி வருவதற்குள் கைப்பேசி 'டிங் டிங்' என்று அலறத் தொடங்கியிருந்தது. இருபது படம்! முப்பது படம்! மூன்று தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பார்த்தன.

முதல் படத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதற்குக் கீழே இரண்டு கால்கள்.

"இது அவரு காலுதான்!" என்றார் பெரியம்மா.

அடுத்ததில் நடந்து வரும் ஒரு மெத்தை. அதற்கடுத்ததில் ஒரு பெரிய பூந்தொட்டி, இலைகளுக்கு நடுவே ஒரு காது. எல்லாப் படத்திலும் பெரியப்பா இருந்தார். எந்தப் படத்திலும் அவர் முகம் இல்லை!

"எங்கப்பா எப்பவும் பெரிய சாமானாப் பார்த்துத்தான் தூக்குவாரு," என்று தலையில் கை வைத்தான் குமரன் அண்ணன்.

நான்கு மணி. நான்கரை. நிரஞ்சனா கடிகாரத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலே முக்காலுக்கு, ஊரின் மேற்குக் கோடியான பூன் லேயிலிருந்து, பழைய வாடிக்கையாளர் லிம் ஆன்ட்டி ஒரு படம் அனுப்பினார்.

"ம்க்கும், அலமாரி," என்றான் குமரன் அண்ணன். "விடு நிரா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"இரு அண்ணா, இரு!"

அந்தப் படத்தில் அலமாரியைத் தவிர ஒரு சின்னப் பையனும் இருந்தான். லிம் ஆன்ட்டியின் மகனாக இருக்க வேண்டும். அவன் உருட்டிவிட்ட அன்னாசிப்பழம் நேராகப் பெரியப்பாவின் கால்களுக்கு நடுவே போய் நின்றிருந்தது. ஆனால் பையன் பழத்தைப் பார்க்கவில்லை. அலமாரியையும் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இவன் எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறான்?"

நிரஞ்சனா அவன் பார்த்த பக்கமாக விரலை நகர்த்தினாள். சுவரோரம், முதலிலேயே இறக்கி வைத்திருந்த ஒரு நிலைக்கண்ணாடி. இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினாள்.

கண்ணாடிக்குள் பெரியப்பா இருந்தார்! அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண் இரண்டும் இடுங்க, வாயெல்லாம் பல்லாக!

"பெரியம்மா!" என்று அவள் போட்ட கூச்சல் தேக்கா சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

பெரியம்மா கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "இதான். தோசையைக் கருக்கிட்டு இப்படித்தான் சிரிப்பாரு," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, அப்புறம் அழலாம், மணி நாலு அம்பத்தஞ்சு!" என்றான் குமரன் அண்ணன். அவன் கன்னமும் ஈரமாகத்தான் இருந்தது.

நிரஞ்சனா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பூக்கடையைச் சுற்றி, வாழைத்தார் வண்டியைத் தாண்டி, "சாரி ஆன்ட்டி! சாரி அங்கிள்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தாள். யூசுப் அங்கிள் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது.

"கண்ணாடியில தெரியிற முகத்தை மட்டும் வெட்டி எடுக்கவா?"

நிரஞ்சனா ஒரு நொடி யோசித்தாள். "வேணாம் அங்கிள். அலமாரி, அன்னாசிப்பழம், அந்தப் பையன் எல்லாம் இருக்கட்டும். அதான் எங்க பெரியப்பா. பெரிய படமாப் போடுங்க!"

ஆறரைக்குக் கூட்டம் தாங்கவில்லை. கூட வேலை செய்தவர்கள், கோயில் நண்பர்கள், பழைய வாடிக்கையாளர்கள் என்று சந்து நிறைந்தது. எல்லாரும் அழுவதற்குத் தயாராகத்தான் வந்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்த்துக் குழம்பினார்கள்.

"அலமாரிதானே இருக்கு?"

"அவரைக் காணோமே!"

"இரு, இரு... அட! அதோ பாரு!"

கண்டுபிடித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கண்டுபிடிக்காதவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். நிரஞ்சனா சிவானியைத் தூக்கிப் படத்திலிருந்த கண்ணாடிக்கு நேராகக் காட்டினாள். சிவானி கத்தவில்லை. தாத்தாவின் முகத்தைப் பட்டென்று தட்டிவிட்டு, பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

கடைசியாக லிம் ஆன்ட்டி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தான் அனுப்பிய படத்தையே மேலும் கீழும் பார்த்து விழித்தார். "எங்கே அவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரியம்மா விரலை நீட்டிக் காட்டவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பெருமையோடு சொன்னார்:

"அவரு வேலையா இருக்காரு லா. நல்லாத் தேடுங்க!"