போயிட்டு வாறன்

சொல்லி முடித்த பிறகுதான் பிறிஜெற் நாக்கைக் கடித்தாள். "இத்தெகிமாஸ்." ஜப்பானிய மொழியில் "போயிட்டு வாறன்." செத்த வீட்டிலிருந்து இறங்கும்போது அதை எந்த மொழியிலும் சொல்லக் கூடாது. கொட்டாஞ்சேனையில் அவளுடைய ஆட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறிவிடுவார்கள்.

பழகிய வாய். வெள்ளவத்தையின் இந்த ஏழாம் மாடி வீட்டில் கிமிகோ என்ற ஜப்பானியக் கிழவியைப் பராமரித்தபடியே, பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போகும் ஆசையில் அவளிடம் மொழியும் படித்தாள். புறப்படும்போது இத்தெகிமாஸ். வரும்போது "ததாய்மா", வந்துட்டன். உள்ளேயிருந்து கிழவி "ஒகாயெரி", வா, என்று சொல்லும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. இரவில் மகள் டில்ஷானி கிழவியைப் போலக் குரலைக் கரகரப்பாக்கி "ஒகாயெரி" சொல்ல, இருவரும் சிரித்துச் சிரித்துப் பழகினார்கள்.

இவை வீட்டாட்கள் மட்டும் சொல்பவை என்று பின்னர் சேர்ந்த மொழி வகுப்பில்தான் தெரிந்தது. கேட்டபோது, வழக்கம்போல அவளுடைய கூந்தலை இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்த கிழவி மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"நீ வீட்டு ஆள். போக ஏலாது."

இன்று காலையில் கிழவியின் உடலை மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிழவியுடைய கணவரின் தங்கை மகன் தர்ஷன் சாவியோடு லிப்ட் அருகே நின்றான்.

"என்னக்கா, மாமியிட்டயே போயிட்டு வாறன் எண்டு சொல்லுறீங்க? கூடவே வந்திடப்போறா."

அவள் சிரிக்க முயன்றாள். சன்னல்களை அவளேதான் பூட்டியிருந்தாள். ஆனாலும் தர்ஷன் கதவைச் சாத்தும்போது, உப்புக்காற்றும் கிழவி முழங்காலில் தேய்க்கும் கற்பூரத் தைலமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அதன் பின்னால், உள்ளறையில் பாயில் கையூன்றி மெல்ல எழும்புகிற ஓர் உடம்பின் சரசரப்பு கேட்டது. தர்ஷன் சாவியைத் திருப்பினான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆட்டோவிலும் அந்த வாடை. காலி வீதி முழுவதும் இருந்தது. கோட்டையைத் தாண்டியபோது இல்லை. அது அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது என்று ஏன் நினைத்தாள் என்று அவளுக்கே புரியவில்லை.

ஆமர் வீதி நெரிசலில் போன் அடித்தது. டில்ஷானி.

"மம்மி, எங்க நிக்கிறீங்க?"

"ஆமர் வீதியில, மகள். ட்ராபிக்."

"அப்ப வாசல்ல நிண்டது ஆர்?"

பிறிஜெற் போனைக் காதோடு அழுத்தினாள்.

"ததாய்மா எண்டு சொன்னாங்க. தடிமன் பிடிச்ச மாதிரிக் கரகரத்த குரல்."

"கதவைத் திறக்காத. பதில் சொல்லாத."

"ஒகாயெரி எண்டு சொல்லிட்டனே. நீங்கதானே பழக்கினீங்க."

பிறகு குரல் இல்லை. மூச்சு மட்டும். இரண்டு பேருடைய மூச்சு.

இறங்கி ஓடினாள். வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கை. நாய்கள் சுவரோடு ஒட்டிக் கிடந்தன, குரைக்கவில்லை. அவளுடைய வீட்டுக் கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். இருட்டு. தைலம்.

டில்ஷானி தரையில் முழங்கால் மடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் யாருமில்லை. அவளுடைய கூந்தல் மட்டும் கொத்துக் கொத்தாக உயர்ந்தது. நிதானமாக. ஒரு கொத்து, பிறகு அடுத்தது. பின்னப்பட்டது. இறுகியது. தலை மெல்லப் பின்னால் வளைந்தது.

"திரும்ப ஏலாம இருக்கு, மம்மி," என்றாள் டில்ஷானி.

அடுத்த கொத்து உயர்ந்தது.