நெய்யும் ஓய்வும்

"தேத்தண்ணில எத்தனை கரண்டி சீனி போட்ட? உண்மைய சொல்லுடீ!"

பொழுது சரியாக விடியக்கூட இல்லை, பவுனம்மாள் தொடங்கிவிட்டாள். மருமகள் தனலெட்சுமி கோப்பையோடு அடுப்படி வாசலில் நின்றாள். நேற்று கிளினிக்கில் அவள் கணவன் சபாபதிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சுகர் பதினாலு! ஏழுக்குள் இருக்க வேண்டியது; போன முறை ஒன்பதுக்கு இறங்கியிருந்தது.

"ஒரு சிட்டிகைகூட போடல அத்தை... சத்தியமா..."

"சமையல் பூரா என் கை. தேத்தண்ணி மட்டும்தான் உன் கை. அப்புறம் சுகர் எப்படி ஏறுச்சு? ஆகாசத்துலேருந்து குதிச்சுதா?"

சபாபதி மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் குடோன் வேலை பார்ப்பவன். ஆள் ஒல்லி. சுகர் என்று தெரிந்ததும் தனலெட்சுமி சமையலில் எண்ணெயைக் குறைத்தாள், சாயங்காலம் அவனை நடக்கக் கூட்டிப்போனாள். "எலும்பும் தோலுமா இருக்கிற புள்ளைய பட்டினி போட்டு ரோட்டுல இழுத்தடிக்கிறாளே!" என்று மாமியார் வரிசை வீடு முழுக்கக் கேட்கும்படி அழுது, அடுப்பைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். மகனுக்கு நீண்ட லீவும் போட வைத்தாள். பவுனம்மாள் பொல்லாதவள் இல்லை. மகன் என்றால் அவளுக்கு உயிர், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தேத்தண்ணியைத் தினமும் குடிப்பவன் சபாபதி அல்லவா? அது இனித்ததா இல்லையா என்று அவன் நாக்குக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லலாமே! அவனோ நாற்காலியில் சாய்ந்தபடி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். தனலெட்சுமி கோப்பையை அவன் முன்னால் வைத்தாள்.

"உங்கண்ணன் நாகையாவுக்கு நேத்து ராத்திரியே போன் போட்டுட்டேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவாரு. புருஷனுக்கு விஷம் வைக்கிறவ இந்த வீட்டுல வேணாம்லா!"

"நான் எங்கயும் போகத் தயார் அத்தை. ஆனா அந்தப் பேரோட போகமாட்டேன்..."

டாக்டர் இன்று மூவரையும் வரச் சொல்லியிருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டுதான் அவளும் கிளினிக்குக்குக் கிளம்பினாள்.

டாக்டர் நடுத்தர வயதுத் தமிழ்ப் பெண்மணி. சபாபதியின் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். மகனை முந்திக்கொண்டு பவுனம்மாள் பெருமையோடு பேசினாள்.

"சீனிய நான் கண்ணுல காட்டுறதில்ல டாக்டர்! நெய்யில பொரிச்ச முட்டை, தேங்காப்பால் ஊத்தின கோழிக்கறி, சாயங்காலம் சூடா வடை... எதுலயும் இனிப்பே கிடையாது. ஒரு வேலை செய்ய விடமாட்டேன். தண்ணிகூட உக்காந்த இடத்துக்கு வந்துரும்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஒல்லியா இருந்தா கொழுப்பு இல்லைன்னு அர்த்தமில்ல. கொழுப்பு தசைக்குள்ளயே போய்த் தங்கும். ரத்தத்துல இருக்கிற சீனிய தசை எடுத்துக்கணும்னு இன்சுலின் சொல்லும். உள்ள கொழுப்பு சேர்ந்துட்டா இன்சுலின் பேச்சு எடுபடாது. சீனி ரத்தத்துலயே நிக்கும்."

"புரியலையே டாக்டர்..."

"உங்க மகன் வேலை செய்ற குடோன்ல எண்ணெய் டின்னா அடுக்கிட்டா, சீனி ஏத்தி வந்த லோரி எங்க இறக்கும்? ரோட்டுலதான் நிக்கணும். இப்ப வெளிநாட்டுல ஸ்கேன் பண்ணி இந்தத் தொடர்பைக் கண்டுபிடிச்சிருக்காங்க. எப்படி ஆகுதுங்கிற ஆராய்ச்சி இன்னும் முடியல. ஆனா நெய்யைக் குறைங்க, இவரை எழுப்பி நடக்க விடுங்க. முன்னாடி சுகர் குறைஞ்சுதே, அப்ப யார் பாத்துக்கிட்டது?"

சபாபதியின் பார்வை தனலெட்சுமி பக்கம் போனது. பவுனம்மாளின் முகம் வெளுத்துப்போனது.

வெளியே வராந்தாவில் அவள் அப்படியே பெஞ்சில் சரிந்தாள்.

"ஐயோ... என் கையாலயே என் புள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டேனே! உன்னைப் போய் கண்டபடி பேசுனேனே தனம்! நானே நாகையாவுக்கு போன் பண்றேன்மா. தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன்..."

தனலெட்சுமி மாமியாரின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க தெரியாம செஞ்சீங்க அத்தை. உங்க மேல எனக்குக் கோபமில்ல. போன் அவர் பண்ணட்டும்."

சபாபதி தலை குனிந்தான். "அம்மா மனசு நோகுமேன்னுதான் தனம்..."

"என் மனசு?"

அவன் நடந்துபோய் மூலையிலிருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

"மச்சான், நான் சபா பேசறேன். தனம் சீனி போடல. குடிச்சவன் நான், எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன். நீங்க வந்து கூட்டிட்டுப் போறதா இருந்தா, அது என் தப்புக்காகத்தான்... அவ தப்புக்காக இல்ல!"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை தனலெட்சுமிக்கு அப்போதுதான் பீறிட்டு வந்தது. பவுனம்மாள் எழுந்து வந்து அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.