படிகத்துக்குத் திருஷ்டி

வினைப்பெட்டியில் ரத்த அழுத்த மாத்திரை இன்னும் தயாராகவில்லை. மகளின் நகப்பூச்சும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் அதற்குப் பின்னால் வரிசையில் காத்திருந்தன. எதிர் வீட்டில் இந்நேரம் மூன்றும் முடிந்திருக்கும் என்று நினைத்தபோது அமிர்தவல்லிக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய்க் குடியிருப்பில் வினைப்பெட்டி இல்லாத சமையலறை கிடையாது. பூமியில் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் ஊருக்கு வெளியே ஆலை கட்டினார்களாம். அமிலம், நச்சுப்புகை, எப்போதாவது ஒரு வெடிப்பு. அந்தத் தொல்லையை ஒழித்தது சல்லடைப் படிகம். உலோக அணுக்களை முடிச்சுகளாகவும் கரிமத் துண்டுகளைக் கம்பிகளாகவும் வைத்துக் கட்டிய வலை அது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள். வேதிப்பொருள் தனக்கென்று உள்ள அறைக்குள் போய், தன் ஜோடியைச் சந்தித்து, சத்தமில்லாமல் சேர்ந்து வெளியே வந்துவிடும். கொதிப்பும் இல்லை, கழிவும் இல்லை. தப்பித் தவறி ஆவி கிளம்பினாலும் பெட்டியின் வாய் அதை உறிஞ்சிக்கொள்ளும். போதாததற்கு ஒவ்வொரு வாசற்கதவின் மேலும் ஒரு நச்சுமானி. ஆபத்து என்றால் சிவந்து கத்தும், இல்லையென்றால் பச்சை. அது சிவந்து பார்த்தவர் குடியிருப்பில் யாரும் இல்லை.

மனிதர்களை இவ்வளவு பத்திரமாக வைத்தால், அவர்கள் வேறு கவலையைத் தேடிக்கொள்ளத்தானே செய்வார்கள்? அமிர்தவல்லியின் கவலைக்குப் பெயர் சுலோச்சனா.

தயிருக்கு உறை வாங்குவதுபோல, பக்கத்து வீட்டில் ஒரு துளி படிகம் வாங்கி வளர்த்துக்கொள்வது அங்கே வழக்கம். எதிர் வீட்டுக்குச் சுலோச்சனா குடிவந்தபோது உறை கொடுத்தவளே அமிர்தவல்லிதான். "உங்க பெட்டி என்னா வேகம்க்கா! எனக்குப் பொறாமையா இருக்கு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், அன்று முதல் அமிர்தவல்லிக்கு நிம்மதி போயிற்று. படிகமும் நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே வந்தது.

"அவளோடது நல்லா ஓடினா உனக்கென்ன?" என்றார் கணவர் தணிகாசலம், மாத்திரைக்குக் கையை நீட்டியபடி.

"நான் குடுத்த உறைங்க அது! எங்கிட்ட வாங்கிட்டுப் போயி, எனக்கே கண்ணு வெச்சிட்டா."

அவள் பொறுமிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. வடதுருவத்தில் புதிய குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே எல்லா வீட்டுக்கும் உறையாகப் போக ஒரு தாய்ப்படிகத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். வளர்த்தவரின் பெயரையே அதற்கு வைப்பார்கள். 'அமிர்தவல்லிப் படிகம்' என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது 'சுலோச்சனாப் படிகம்' என்றல்லவா ஆகிவிடும் போலிருக்கிறது!

அதனால் கண் பட்டதைக் கழிக்க அவள் தவறாமல் சுற்றிப் போட்டுவந்தாள். செவ்வாயில் தீ மூட்டுவது குற்றம். ஆனாலும் பூமியிலிருந்து கற்பூரம் எப்படியோ வந்து சேரும். சுங்க அதிகாரிகளுக்கும் வீடு வாசல் உண்டல்லவா? பெட்டியை மும்முறை சுற்றி, மிளகாயோடு சேர்த்துக் கொளுத்தி, பெட்டியின் வாய்க்கு நேராகப் பிடிப்பாள். புகை முழுவதையும் வாய் இழுத்துக்கொள்ளும். நச்சுமானி மூச்சு விடாது. இந்தத் தந்திரத்தில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

தேர்வு செய்ய வந்த இயந்திரன் படிகத்தை ஒளியில் திருப்பிப் பார்த்தது.

"அம்மையீர், அறைகள் அனைத்தும் கரியால் அடைபட்டுள்ளன. எதையேனும் எரித்தீர்களா?"

"கண்ணு பட்டா சுத்திப் போட வேண்டாமா?"

"கண்ணால் படிகம் கெடுவதில்லை. புகையால் கெடும். ஒரு முறை இழுத்தாலே வேகம் குறையும்." அது குரலைத் தாழ்த்திக்கொண்டது. "இது உங்கள் வீட்டு விவகாரம். வேறு எவரிடமும் சொல்ல மாட்டேன்."

பிறகு அது எதிர் வீட்டுக்குப் போனது. சற்று நேரத்தில் அங்கிருந்து கைதட்டல் கேட்டது. சுலோச்சனாவின் படிகம் தேர்வாகிவிட்டது. மறுநாள் இன்னொரு முறை வேகத்தைச் சோதித்துவிட்டு உறை எடுத்துப் போவார்களாம். மொத்தக் குடியிருப்பும் அவள் வீட்டில் கூடிப் பெட்டியை வேடிக்கை பார்த்தது. அமிர்தவல்லியும் போய், பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்திவிட்டு வந்தாள்.

சாயங்காலம் வாசல் மணி அடித்தது. சுலோச்சனா நின்றிருந்தாள். முகத்தில் கலவரம்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு எல்லார் கண்ணும் என் பெட்டி மேலதான். மனசு ஒரு மாதிரி இருக்கு. உங்ககிட்ட கொஞ்சம் கற்பூரம் கெடைக்குமா?"

அமிர்தவல்லி அவளையே பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது நாக்கு நுனிவரை வந்தது. கூடவே 'சுலோச்சனாப் படிகம்' என்ற பெயரும் வந்தது.

"இதைக் கேக்கவா தயங்குன? இரு" என்று உள்ளே போனவள், டப்பாவை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். "நாலு மிளகாயும் சேத்துக்க. பெட்டி வாய்க்கு நேரா புடி. அப்பத்தான் மானி கத்தாது."

"ரொம்ப நல்ல மனசுக்கா உங்களுக்கு" என்றாள் சுலோச்சனா. அவள் கண் கலங்கியிருந்தது.

இருவருக்கும் மேலே, வாசல் நச்சுமானி காற்றை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது.